வாயிலை அறியும் திறவுகோல்

சாவி என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்பது நம் சொல். ஈழத்தமிழர் திறப்பு என்பர். பெயர் எதுவாயினும், பூட்டே சாவியைச் சோதிக்கும். சாவி பூட்டைச் சோதிப்பதில்லை. இணையக் கணக்குகளுக்கென வந்துள்ள பாதுகாப்புச் சாவியோ இவ்வியல்பினின்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி அதனைத் தேர்ந்து வாங்குதல் அரிது.

கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் தாம் எவரிடம் சென்று சேர்கின்றன என்பதை அறியா. உண்மைத் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளத்தில் நாமே அவற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டால், மோசடி செய்வோன் அந்நொடியே உண்மைத் தளத்தில் அவற்றை இட்டு நுழைந்துவிடுவான். பாதுகாப்புச் சாவியை ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது, அத்தளத்திற்கென்றே இரண்டு மறைக்குறிகள் பிறக்கின்றன. ஒன்று தளத்திடம் செல்லும். மற்றது சாவியை விட்டு வெளியே வாராது. பின்னர் நாம் நுழைய முற்படும்போது, தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பி ஒப்பம் கேட்கும். உலாவி அத்தளத்தின் உண்மை முகவரியையும் உடன் சேர்த்துக் கொடுக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறினும் உரிய ஒப்பம் கிடைக்காது. நம் கண் ஏமாறலாம், சாவி ஏமாறாது.

கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் ஊழியர்க்கு இதனைக் கட்டாயமாக்கியது. 85,000க்கும் மேற்பட்ட அவர்களுள் எவருடைய பணிக்கணக்கும் அதன்பின் இவ்வகை மோசடியால் பறிபோகவில்லை என 2018இல் அது தெரிவித்தது. 2022இல் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர் சிலர் போலித் தளத்தில் கடவுச்சொல்லை இட்டே விட்டனர். ஆயினும் சாவி இன்மையால் பகைவரால் உள்நுழைய இயலவில்லை.

இனித் தேர்வு. ஃபிடோ2 என்னும் பொதுநெறிக்கு உட்பட்ட சாவியையே கொள்ளல் வேண்டும். நாம் பயன்படுத்தும் தளங்கள் அதனை ஏற்கின்றனவா என்பதை முன்னரே பார்த்துவிட வேண்டும். கணினியின் யு.எஸ்.பி. துளை பழைய அகன்ற வகையா, புதிய சி வகையா என நோக்குக. கைப்பேசியிலும் பயன்படுத்துவோர்க்கு, தொட்டவுடன் இயங்கும் என்.எஃப்.சி. வசதி உதவும். கைரேகை வசதிக்கு மிகுபொருள் செலவிடுதல் பெரும்பாலோர்க்குத் தேவையன்று என்பதே நம் கருத்து.

பழைய இருப்பை மலிவாகக் கொடுப்போரிடம் சற்று விழிப்பு வேண்டும். யுபிகீ சாவிகளின் உள்ளிருக்கும் மென்பொருளைப் பின்னர்ப் புதுப்பிக்க இயலாது. அவற்றின் 5ஆம் வரிசையில், 5.7க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு குறைபாடு இருப்பது 2024இல் வெளிப்பட்டது. அதனைப் பயன்கொள்ளச் சாவியே திருடன் கையில் இருத்தல் வேண்டும். ஆய்வகக் கருவிகளும் வேண்டும். ஆகவே முன்னரே வாங்கியவர் அஞ்ச வேண்டுவதில்லை. புதிதாக வாங்குவோர் பதிப்பெண்ணைக் கேட்டு வாங்குக.

எவ்வகையாயினும் இரண்டாக வாங்குக. ஒன்றே வைத்திருந்து அது தொலையுமாயின், கள்வனைத் தடுத்த வாயில் உரியவரையும் தடுத்து நிறுத்தும். ஆப்பிள் நிறுவனம் தன் கணக்குகளுக்குக் குறைந்தது இரண்டு சாவிகளைப் பதியுமாறு விதித்துள்ளது. இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பதில் பயனில்லை.

கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். நிறுவனத்தின் மின்னஞ்சல் ஒருவருடைய கைப்பேசி எண்ணோடு பிணைந்திருக்கும். அவர் ஓய்வு பெற்றாலோ ஊர் மாறினாலோ, உதவித்தொகைக் கடிதங்கள் உட்பட யாவும் பூட்டுண்டு போகும். சாவியை ஒப்படைத்தல் என்றதும், ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே மீண்டும் வழங்கப்பட்ட வரலாறு நம் மாணவர்க்கு நினைவு வரும். இன்றளவும் அவர்தம் குலத்தாரே அதன் காப்பாளர். நம் அலுவலகச் சாவியும் அத்தகைய அமானிதமே. ஒன்று பொறுப்பாளரிடமும் மற்றொன்று அலுவலகப் பெட்டகத்திலும் இருக்க, யாரிடம் எது உள்ளது என்பது பதிவேட்டில் ஏற வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவியோடு அதன் பின் எண்ணும் கைமாற வேண்டும். யுபிகீயில் அவ்வெண்ணை எட்டு முறை தவறாக இட்டால் சாவி முடங்கும். அதனை மீட்டமைத்தால் பழைய ஃபிடோ2 பதிவுகள் யாவும் அழியும்.