நூலும் வாசகரும்: கருத்துரைக்கும் நெறி

முன்னுரை

எழுதியவர் கையினின்றும் நீங்கிப் படிப்பவர் கைக்கு வந்து சேரும்போதுதான் ஒரு நூல் தன் வாழ்வைத் தொடங்குகிறது. படித்தவர் அதனைப் பற்றி மற்றொருவரிடம் நாலு சொல் பேசும்போது அவ்வாழ்வு வளர்கிறது. பேசுவார் இல்லையேல் அந்நூல் அலமாரியில் உறங்கும். ஆகவே நூலைப் படித்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது படித்ததைப் பற்றிக் கருத்துரைத்தலும் ஆகும்.

இன்று நம் வகுப்பறைகளில் ஒரு நூலைப் பற்றி மாணவரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. ஒன்று, 'நன்றாக இருந்தது' என்பது. மற்றொன்று, 'பிடிக்கவில்லை' என்பது. ஏன் நன்றாக இருந்தது, எவ்விடத்தில் பிடிக்கவில்லை என்று மேலும் வினவினால் மௌனமே விடையாகிறது. மாணவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பெரியவர்களும் படிக்காத நூலைப் போற்றுவதையும், படிக்காத நூலைப் பழிப்பதையும் நாம் காண்கிறோம். இந்நிலையில் கவிதை, வாழ்க்கை வரலாறு, அரசியல், புதினம் ஆகிய நால்வகை நூல்களைக் குறித்து வாசகர் கருத்துரைக்கும் நெறி யாது என்பதனைச் சில வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் கருத்துரைத்தல்

நூலை அவையில் வைத்துக் கருத்துக் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கிறது. அரங்கேற்றம் என்பது வெறும் பாராட்டு விழா அன்று. கேட்போர் தடை எழுப்புவதும், ஆக்கியோன் விடை கூறுவதும் அதன் உயிர்நாடியாகும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய குற்றங்கள் பத்து எனவும் அழகுகள் பத்து எனவும் வகுத்துரைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் முதலியன குற்றங்களாம். மேலும் நூலுக்குரிய மதம் ஏழு என்று கூறுமிடத்து, உடன்படலையும் மறுத்தலையும் ஒருங்கே வைக்கிறார். பிறர் நூலின் குற்றங்காட்டலும் அவற்றுள் ஒன்று. மறுத்தல் பகைமை அன்று, அறிவுநெறியின் ஒரு கூறு என்பது இதனால் பெறப்படும்.

அந்நூலே கல்வி நிரம்பும் முறையையும் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு உளங்கொண்டாலும் காற்பங்கு புலமையே கிட்டும். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அதன் கருத்து. முக்காற்பங்குப் புலமை, படித்ததைப் பற்றிப் பேசுவதில் அடங்கியிருக்கிறது என்பதை மாணவர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

1. கவிதை: எந்த அளவுகோல்?

கவிதை நூலைப் பற்றிக் கருத்துரைப்போர் முதலில் எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சான்றாக, 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்டது அக்காப்பியம். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாடு மழையும் ஆறும் வயலும் சூழ்ந்த மருதநிலமாகக் காட்சி தருகிறது.

இதனைப் படித்த ஒருவர், 'பாலைவன நாட்டில் நெல் வயல் ஏது? இது பொருந்தாது' என்று கூறலாம். மற்றொருவர், 'நாட்டு வளம் பாடித் தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபு. நபிகள் பெருமானார் வரலாற்றைத் தமிழர் உள்ளத்தில் குடியேற்றப் புலவர் அம்மரபைக் கைக்கொண்டார்' என்று விடை கூறலாம். முன்னவர் நிலவியலை அளவுகோலாகக் கொண்டார். பின்னவர் காப்பிய இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டார். இருவர் கூற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உமறுப்புலவர் செய்த பெருஞ்செயல் யாது என்பது நமக்குப் புலனாகிறது. ஒருவர் வினவாதிருந்தால் மற்றவர் விளக்கியிருக்க மாட்டார்.

கருத்து வேற்றுமை கடுமையாக முற்றிய வரலாறும் தமிழில் உண்டு. 1867இல் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரில் அச்சேறின. அப்பெயர் அவற்றிற்குத் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதலானோர் மறுத்தனர். அருட்பாவா, மருட்பாவா என்னும் அப்பூசல் நீதிமன்றம் வரை சென்றதோடு, அடிகளார் மறைந்த பின்னரும் ஓயாது தொடர்ந்தது. அவ்வேளையில் அருட்பாவின் பக்கம் நின்று சென்னையில் சொற்பெருக்காற்றியவர்களுள் ஒருவர் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) ஆவார். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட அதே புலமை, பிற சமயத்து அருளாளர் ஒருவரின் பாடல்களையும் கற்றுத் தேர்ந்து, அவற்றின் பெருமையை மன்றில் நிறுவியது. கவிதையைப் பற்றிக் கருத்துரைக்கச் சமய எல்லை தடையன்று, கல்லாமையே தடை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2. வாழ்க்கை வரலாறு: கூறியதும் கூறாததும்

வாழ்க்கை வரலாற்று நூலைப் படிப்போர் அதில் கூறப்பட்டதைக் காண்பதோடு அமையாது, கூறப்படாததையும் நோக்க வேண்டும். டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, அவர் மறைவினால் முற்றுப் பெறாது நின்றது, 1950இல் நூலாயிற்று. அதில் 1880இல் நிகழ்ந்த ஒரு சந்திப்பு விரிவாகச் சொல்லப்பெறுகிறது. குடந்தைக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிக் கூறக் கேட்டும் வியப்புக் காட்டவில்லை. அவற்றிற்கு முந்திய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். ஐயரிடம் விடை இல்லை.

ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம் கேட்ட அவ்வினாவே ஐயரைச் சிந்தாமணிப் பதிப்பில் ஈடுபடுத்தியது. சமண சமயக் கருத்துகளை அறிய அவர் குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிற பழந்தமிழ் நூல்கள் தொடர்ந்தன. தம் அறியாமை வெளிப்பட்ட தருணத்தை மறைக்காது எழுதிய அந்நேர்மையே அந்நூலை உயர்ந்த தன்வரலாறாக்குகிறது.

இதற்கு மாறான ஒரு நிலையையும் காண்போம். மௌலானா அபுல் கலாம் ஆசாத் உருதுவில் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய 'இந்தியா விடுதலை வெல்கிறது' என்னும் நூல், மௌலானா மறைந்த மறு ஆண்டு, 1959இல் வெளிவந்தது. அதன் ஏறத்தாழ 30 பக்கங்கள் மட்டும் முத்திரையிட்டு வைக்கப்பெற்று, 1988இல் வெளியிடப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் நூலைப் படித்தோர் முழு நூலைப் படித்தோர் ஆகார். முழுமையாக வெளிவந்த பின்னர், மறு ஆண்டே இராஜ்மோகன் காந்தி அந்நூலின் கூற்றுகள் பலவற்றை மறுத்து ஒரு தனி நூல் எழுதினார். மௌலானாவின் தொண்டும் தியாகமும் நம் போற்றுதலுக்குரியன. எனினும் போற்றுதலுக்குரியவர் எழுதியதனால் மட்டுமே ஒரு செய்தி ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அவர் கூற்றைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பும் ஆகாது.

3. அரசியல்: மாறுபட்டும் மதித்தல்

அரசியல் நூல்களைப் பற்றிய பேச்சே விரைவில் சண்டையாக மாறுவது. இதற்கு நல்வழி காட்டுவது காந்தியடிகளின் 'இந்திய சுயராஜ்யம்'. 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது அவர் குஜராத்தியில் எழுதிய நூல் அது. 1910இல் பம்பாய் அரசு அதனைத் தடை செய்தது. அந்நூல் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கும் வாசகர் ஒருவருக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்துள்ளது. தம் கருத்தை மறுக்கும் வாசகர் ஒருவரை நூலுக்குள்ளேயே அமர்த்தி, அவர் தடைகளையெல்லாம் கேட்டு விடையிறுக்கும் பாங்கு எண்ணத்தக்கது.

அந்நூலை ஏற்காதவர்கள் அவரை வெறுத்தவர்கள் அல்லர். அவர் தம் அரசியல் குருவாகப் போற்றிய கோகலே 1912இல் அதனைப் படித்து, அது பக்குவமற்றது என்றும், இந்தியாவில் ஓராண்டு தங்கினால் காந்தியே அதனை அழித்துவிடுவார் என்றும் கருதினார். அவ்வாறு நிகழவில்லை. ஒரு தோழியின் விருப்பத்திற்கு இணங்க ஒரே ஒரு சொல்லை மட்டும் விலக்கிக்கொள்வதாகவும், வேறொன்றையும் மாற்ற விரும்பவில்லை என்றும் 1921இல் காந்தியடிகள் எழுதினார். 1945 அக்டோபரில் இருவரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில், அந்நூல் காட்டும் சித்திரம் தமக்கு நடப்புக்கு ஒவ்வாததாகவே தோன்றியது என்று ஜவாஹர்லால் நேரு வெளிப்படையாக எழுதினார். நட்பு முறியவில்லை, மதிப்பும் குறையவில்லை. ஒரு சொல்லை விட்டுக்கொடுக்கும் பணிவும், ஏனையவற்றில் உறுதியும், மாற்றுக் கருத்தைக் கேட்கும் பொறுமையும் அரசியல் நூல் பற்றிப் பேசுவோர்க்கு வேண்டும் மூன்று பண்புகளாகும்.

4. புதினம்: கண்ணாடி காட்டும் முகம்

புதினத்தைப் பற்றிக் கருத்துரைப்பதில்தான் நமக்குச் சோதனை மிகுதி. ஏனெனில் அது நம் தெருவையும் நம் வீட்டையும் காட்டுகிறது. தமிழ்ப் புதின வரலாற்றின் தொடக்கத்திலேயே, 1885இல், இலங்கையின் சித்திலெவ்வை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். நூறாண்டு கழித்துத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வெளிவந்தது. விடுதலைக்கு முந்திய காலத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் முதலாளியின் ஆதிக்கத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற்கு எழுந்த எதிர்ப்பையும், மூடநம்பிக்கையால் எளியோர் பட்ட துயரையும் அது உள்ளிருந்து பேசியது. 'சாய்வு நாற்காலி' என்னும் புதினத்திற்காக மீரான் 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2019இல் மறைந்தார்.

இத்தகைய புதினத்தைப் படித்ததும், 'நம் குறையை ஊரறியச் சொல்லலாமா?' என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவை இழித்துரைத்தல் கூடாது. அதில் சமுதாய மானம் பற்றிய கவலை இருக்கிறது. ஆயினும் அதனை அடுத்து மற்றொரு வினாவையும் கேட்டாக வேண்டும்: 'சொல்லப்பட்டது உண்மையா?' உண்மையெனில் நோயைக் காட்டிய மருத்துவரிடம் சினம் கொள்வதால் நோய் தீராது. உண்மையன்றெனில் எவ்விடத்தில் உண்மை பிறழ்ந்தது என்பதைப் பக்கம் காட்டி எழுதுவதே தக்க மறுப்பாகும்.

இந்நெறி தவறினால் விளைவது யாது என்பதைப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' கண்ட துன்பம் காட்டுகிறது. 2010இல் வெளிவந்த அப்புதினத்திற்கு நான்காண்டு கழித்து எழுந்த எதிர்ப்பினால், தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்குமாறு எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாதவர் அதனை ஒதுக்கிவிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். புண்பட்டேன் என்று சொல்ல வாசகருக்கு உரிமை உண்டு. எழுதாதே என்று பேனாவைப் பறிக்க உரிமை இல்லை.

கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றால் நாம் கொள்ளத்தக்க நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, முழுவதும் படித்த பின்னரே கருத்துரைத்தல். இரண்டாவது, நூல் எவ்வகையைச் சார்ந்ததோ அவ்வகைக்குரிய அளவுகோலைக் கொள்ளுதல். மூன்றாவது, பாராட்டாயினும் மறுப்பாயினும் இடஞ்சுட்டிக் கூறுதல். நான்காவது, நூலை விமரிசித்தலும் நூலாசிரியரை இழித்தலும் வெவ்வேறு என்பதை மறவாமை. ஐந்தாவது, பிறர் கருத்தைக் கேட்டுத் தம் கருத்துப் பிழையெனக் கண்டால் அதனைத் திருத்திக்கொள்ள நாணாமை.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! நம் கல்லூரி நூலகத்தில் நூல்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பற்றிப் பேசுவோர்க்கே குறைவு. பத்துப் பேர் ஒன்றுகூடி, திங்களுக்கு ஒரு நூலைத் தேர்ந்து, படித்து, ஒருவர் நயம் கூற, ஒருவர் குறை காட்ட, ஏனையோர் வினவினால் போதும். ஓராண்டில் நால்வகையிலும் மும்மூன்று நூல்கள் உங்கள் உடைமையாகிவிடும். ஆசிரியப் பெருமக்கள் அக்கூட்டத்தில் தீர்ப்புரைப்போராக அல்லாமல் உடன் படிப்போராக அமர்வார்களாக. சமுதாயப் பெரியவர்களும் வந்து அமர்ந்து இளைஞர் சொல்வதைச் செவிமடுப்பார்களாக.

சேலம் இராமசாமி முதலியார் அன்று ஒரு வினாவைக் கேளாதிருந்தால், சிந்தாமணி எத்தனை காலம் ஏட்டில் உறங்கியிருக்குமோ! நம்மில் ஒருவர் நாளை கேட்கப்போகும் வினா எந்நூலை எழுப்பும் என்பதை எவர் அறிவார்? படிப்போம், படித்ததைப் பகிர்வோம், மாறுபட்டும் மதித்து வாழ்வோம்.