எந்தப் ‘பாவம்’?

கீழே உள்ள இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள்.

“பாவம், மழையில் நனைந்துவிட்டான்.”

“அவளுடைய நடனத்தில் பாவம் நன்றாக வெளிப்பட்டது.”

எழுத்தில் இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் ‘பாட்டு’ என்பதில் வரும் ‘பா’வை ஒலித்தீர்கள். இரண்டாவதில், ‘கம்பம்’ என்னும் சொல்லின் நடுவே வரும் ‘ப’வின் ஒலியைக் கொண்டு தொடங்கினீர்கள். முகத்தின் காந்தியும் மகாத்மா காந்தியும் இப்படித்தான். ‘ஒரு கணம் நில்’ என்பதில் வரும் கணமும், கணக்குப் பாடத்தில் உறுப்புகளைக் கொண்ட கணமும் அப்படியே. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு, பொருளும் இரண்டு.

இந்த இரண்டு ஒலிகளுக்கும் என்ன வேறுபாடு? உதடுகள் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கின்றன. பிறகு சட்டென்று திறக்கின்றன. வேறுபாடு தொண்டையில், குரல்வளைக்குள் இருக்கிறது. அங்குள்ள குரல்நாண்கள் நுரையீரலிலிருந்து வரும் காற்றால் அதிர்கின்றன. பேசும்போது இந்த அதிர்வு ஆண்களுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை; பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு விரல்களைக் குரல்வளையின்மேல் மெதுவாக வைத்துக்கொண்டு ‘பக்கம்’ என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ‘க்க’ வரும் இடத்தில் அதிர்வு ஒரு கணம் நின்றுபோகும். இப்போது ‘பங்கம்’ என்று சொல்லுங்கள். அதிர்வு இடையில் நிற்காமல் தொடரும். அதே ‘க’தான், ஆனால் ஒன்றில் குரல் இல்லை, மற்றொன்றில் குரல் உண்டு.

சொல்லின் முதலில் வரும்போது இந்த வேறுபாடு நேரக் கணக்காகிறது. இரக்கப்பட்டுச் சொல்லும் ‘பாவம்’ என்பதில், உதடுகள் திறந்த பிறகே குரல்நாண்கள் அதிரத் தொடங்குகின்றன. நடனத்தின் ‘பாவம்’ என்பதில், உதடுகள் மூடியிருக்கும்போதே அதிர்வு தொடங்கிவிடுகிறது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், உதடு அல்லது நாக்கு விலகும் நேரத்துக்கும் அதிர்வு தொடங்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை 11 மொழிகளில் அளந்து, 1964-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. பொருளையே மாற்றிவிடும் இந்த வேறுபாடு, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே!

அப்படியானால் இரண்டு ஒலிகளுக்கு ஒரே எழுத்தை வைத்தது தமிழின் குறையா? இல்லை. தமிழுக்கே உரிய சொற்களில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் குரல் இல்லை. மெல்லின எழுத்துக்குப் பின்னால் குரல் உண்டு. இடம் சொல்லிவிடுவதை எழுத்தும் ஏன் சொல்ல வேண்டும்? பிற மொழிச் சொற்கள் வந்து கலந்தபோதுதான் குரல் சேர்ந்த ஒலி சொல்லின் முதலிலும் இடம்பிடித்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. நாமோ பழைய எழுத்தாலேயே எழுதிவருகிறோம்.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் வேறு காரணத்தால் தோன்றின. எல், இ, ஏ, டி என்ற நான்கு எழுத்துகளை ‘லெட்’ என்று படித்தால் ஈயம். ‘லீட்’ என்று படித்தால் வழிநடத்து. அங்கே நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஒலிப்பு மாறியது. எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. பார்வையற்ற மாணவர்கள் இன்று பாடநூலைக் கணினி படிக்கக் கேட்டு அறிகிறார்கள். ‘பாவம்’ என்ற சொல்லைக் கண்டதும் கணினி எதை ஒலிப்பது? அந்த மூன்று எழுத்துகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. முன்னும் பின்னும் உள்ள சொற்களை, அதாவது ‘மழை’யையும் ‘நடன’த்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறாக ஒலித்தால், கேட்கும் மாணவருக்குப் பொருளும் தவறிப்போகும். அவர் திருத்திக்கொள்ள, கண்ணுக்கு எதிரே எழுத்தும் இல்லை.

இந்தக் கடினமான வேலையை நீங்கள் முதல் இரண்டு வாக்கியங்களைப் படித்தபோதே, உங்களை அறியாமல், செய்து முடித்துவிட்டீர்கள். பொருள் தெரிந்த பிறகே ஒலி பிறந்தது. இனி, ‘பந்து’, ‘பலம்’ என்னும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒலிப்புகளையும் இரண்டு பொருள்களையும் கண்டுபிடித்து, வாக்கியங்களில் அமைத்து, நண்பரைப் படிக்கச் சொல்லுங்கள். ‘பலம்’ உங்களுக்குப் புதிராக இருந்தால், பழைய நிறுத்தல் அளவைகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!