கே.ஐ.-67: ஒரு சதவிகிதமும் ஓயாத வதந்தியும்

புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த திசுவின் அறிக்கையைக் கையில் ஏந்தி வருகிறவர்கள், அதிலுள்ள மற்ற வரிகளையெல்லாம் விட்டுவிட்டு, 'கே.ஐ.-67: 40%' என்ற ஒற்றை வரியில் விரலை ஊன்றி, "நாற்பது சதவிகிதம் உடம்பெல்லாம் பரவிவிட்டதாமே, ஆயுசு இன்னும் அறுபதுதான் மிச்சமாமே" என்று கேட்பதை, நோயியல் துறையில் இருக்கும் நாங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். யார் சொன்னது என்றால், பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார், மைத்துனர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்பார்கள்; அறிக்கையை எழுதியவரையே கேட்டேன் என்பவர் அபூர்வம்.

இது அப்பட்டமான பொய். 1983-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த கெர்டஸ், ஸ்டெயின் முதலிய ஆராய்ச்சியாளர்கள், ஹாட்ஜ்கின் நோயிலிருந்து பெற்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களின் உட்கருக்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அதன் விளைவாகக் கிடைத்த கே.ஐ.-67 என்னும் எதிர்ப்பொருளைப் பற்றி வெளியிட்டார்கள். பெருகும் முயற்சியில் இறங்கிய உயிரணுவின் உட்கருவில் தோன்றி, ஓய்ந்திருக்கும் உயிரணுவில் காணாமற்போகும் ஒரு புரதத்தை அந்த எதிர்ப்பொருள் தேடிப் பற்றிக்கொள்ளும். மேலே உரிய ரசாயனங்களைச் சேர்த்தால் அவ்வுட்கரு பழுப்பாகத் தெரியும். நாற்பது என்றால், கண்ணாடித் தகட்டில் எண்ணிய புற்று உயிரணுக்களில் நூற்றுக்கு நாற்பது, திசுவை எடுத்த வேளையில் பெருகும் முயற்சியில் இருந்தன என்பதே பொருள். ஒரு சிறு துண்டுத் திசு, கல்லீரலிலும் எலும்பிலும் நடப்பதை எங்ஙனம் அறியும்? பரவலைச் சொல்ல ஸ்கேன் இருக்கிறது. நிணநீர்ச் சுரப்பிகளின் பரிசோதனை இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை வீட்டு அடுப்புப் புகைகிறது என்று எண்ணிவிட்டு, அத்தெருவார் எத்தனை ஊர்களில் நிலம் வாங்கியிருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்வதற்கு ஒப்பானது இந்த வதந்தி.

ஆயுள் கணக்கோ இன்னும் விபரீதம். பர்க்கிட் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றில் இந்த எண் ஏறத்தாழ நூற்றைத் தொடும். வதந்திக்காரர் கணக்குப்படி அந்நோயாளிக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை. ஆனால் அத்தனை வேகமாகப் பெருகும் உயிரணுக்களைக் கீமோதெரபி எளிதில் தாக்குவதால், தக்க சிகிச்சை பெறும் குழந்தைகளிற் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இன்னும் கேளுங்கள்: சாயம் சரியாக ஏறியதா என்று ஒத்துப்பார்க்க நாங்கள் வைத்துக்கொள்வது நோயற்ற டான்சில் திசு, அதன் சில பகுதிகளில் பெரும்பாலான உட்கருக்கள் பழுப்பாகவே இருக்கும். ஆரோக்கியமான குடலின் உட்சுவரிலும் பழுப்பு உண்டு. மார்பகப் புற்றில் எண் உயர்ந்தால் மருத்துவர் சிகிச்சையைக் கடுமையாக்க யோசிப்பது உண்மை. ஆனால் கட்டியின் அளவு, ஹார்மோன் ஏற்பிகள் முதலிய பலவற்றோடு சேர்த்தே அதை அவர் எடைபோடுகிறார்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் போதும். அறுபத்தேழு என்பது நோயின் மதிப்பெண் என்பார் உளர். அது கீல் நகரத்து ஆய்வுத் தட்டில் இருந்த குழியின் எண். கஷாயம் குடித்தால் அறிக்கையின் எண் இறங்கும் என்பார் உளர். மெழுகில் பதித்துவிட்ட திசு கஷாயம் குடிப்பதில்லை. எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் அப்புரதமே புற்றை உண்டாக்குகிறது என்பார்க்கு: உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அது காப்பதாக 2016-இல் கண்டறிந்தார்கள். ஓரிடத்தில் 18, வேறிடத்தில் 22 என்று வந்தால் யாரோ மோசம் செய்தார்கள் என்று சினக்கவும் வேண்டாம். ஹார்மோன் ஏற்பியுள்ள ஆரம்பநிலை மார்பகப் புற்றில் 5 வரையிலும் 30 முதலும் உள்ள எண்களே சிகிச்சை முடிவுக்கு நம்பத்தக்கவை என்று 2021-இல் சர்வதேச நிபுணர் குழுவே ஒப்புக்கொண்டது.

எண் தடுமாற வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட என் மனம் இடந்தராது. வெட்டியெடுத்த மார்பகத் திசுவை 1 மணி நேரத்துக்குள், நடுநிலைப்படுத்திய 10 சதவிகித ஃபார்மலினில் இட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறவைக்க வேண்டும். அதை விடுத்து, சலைன் புட்டியில் போட்டு மாலை வரை மேஜைமேல் வைத்திருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பினால், கெட்டுப்போன அத்திசுவில் எந்த எதிர்ப்பொருளும் உண்மை பேசாது. எதிர்ப்பொருளும் ஒன்றல்ல: கீல் நகரத்தாரின் முதல் எதிர்ப்பொருள் உறையவைத்த திசுவில் மட்டுமே பயன்பட்டது, 1992-இல் எம்.ஐ.பி.-1 என்னும் மற்றோர் எதிர்ப்பொருள் வந்து, மெழுகுத் திசுவையும் மைக்ரோவேவில் சூடாக்கிச் சாயமேற்றலாம் என்றான பின்னரே இப்பரிசோதனை எங்கும் பரவியது. ஆகவே எந்த எதிர்ப்பொருள், எத்தனை மணி ஃபார்மலின் என்னும் இரண்டையும் ஒவ்வோர் ஆய்வகமும் அறிக்கையிலேயே எழுதவேண்டும். அறுவை அரங்கத்தாரும் திசு எடுத்த நேரத்தைக் குறித்தனுப்பவேண்டும்.

வாசகர்களே, அந்த ஒற்றை எண்ணை வைத்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள். முழு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்.