ஆராதனையில் பெண்களையும் சேர்த்து அழைக்க

விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலக்காடுகளுக்குப் போகிற கம்பத்துப் பெண்களில் சபையைச் சேர்ந்தவர்கள் ஞாயிறன்று கோயிலுக்கு வருகிறார்கள். அங்கே அழைப்பு ‘சகோதரரே’ என்று தொடங்கினால் அவர்களை யாரும் அழைக்கவே இல்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976-இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-இல் நந்தியாலின் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். ஆராதனைப் பேச்சும் அந்த அளவுக்கு மாற வேண்டும்.

அழைப்பை மாற்றுவது எளிது: ‘சகோதர சகோதரிகளே’. அவ்வளவுதான்.

சிக்கல் வேதபாடத்தில். பழைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கிற வேகத்தில் சொல்லை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வசனம் மனப்பாடமாய் இருக்கும் பெரியவர்கள் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள். பேச்சு கமிட்டி வரை போகும். வாசிக்கும் வசனத்தில் கைவைக்கவே கூடாது. நிருபப் பகுதிகளுக்கு 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. ‘சகோதர சகோதரிகளே’ என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பு என்பதை வாசிக்குமுன் சொல்லிவிட வேண்டும். சங்கீதங்களுக்குப் பழையதே இருக்கட்டும்.

பிரசங்கத்திலும் ஜெபத்திலும் பேசுகிறவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. ‘விசுவாசிக்கிறவன்’ என்பதை ‘விசுவாசிக்கிறவர்’ ஆக்கினால் போதும். மரியாதையும் கூடும், ஆண் பெண் இருவரும் அடங்குவார்கள். ‘அவன் அல்லது அவள்’ என்று இழுப்பது வேண்டாம். லூக்கா 15-ஐ எடுத்தால், ஆட்டைத் தேடிய மேய்ப்பனோடு நிறுத்திக்கொள்ளாமல், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடிய பெண்ணுக்கும் அதே அளவு நேரம் கொடுக்க வேண்டும்.

பொது ஜெபத்தில் ‘உழைப்பாளிகளுக்காக’ என்று பொதுவாகச் சொன்னால் யார் முகமும் நினைவுக்கு வராது. ‘திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் வேலை செய்யும் பெண்களுக்குச் சரியான கூலியும் பத்திரமான ஜீப் பயணமும் தாரும் ஆண்டவரே’ என்று ஜெபித்தால் அந்தப் பெண்கள் சத்தமாகவே ஆமென் சொல்வார்கள்.

திருமண அறிக்கையில் ‘இன்னாரின் மகன், இன்னாரின் மகள்’ என்று தகப்பன் பெயரை மட்டும் வாசிப்பது பழக்கம். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படியான பதிவேட்டில் தந்தை பெயருக்குத்தான் இடம். அது அப்படியே இருக்கட்டும். சபையில் வாசிக்கும்போது தாய் பெயரையும் சேர்த்து வாசிக்க எந்தத் தடையும் இல்லை. பெயர்களை முந்தின வாரமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆயராக வரும் பெண்ணை ‘ஆயர்’ என்றே அழைப்பது நல்லது. ‘ஆயரம்மா’ என்றால் ஆயரின் மனைவி என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

பெண்கள் ஞாயிறன்று மட்டும் பெண்களை வாசிக்கச் சொல்வதையும் விட வேண்டும். வாசிப்போர் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆண், பெண் மாறி மாறி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், சனிக்கிழமை ராத்திரி ஆள் தேடி அலையும் வேலையும் மிச்சம்.