வீட்டுப் பட்டறையும் மரவேலை இயந்திரங்களும்

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே உடுநுவரைப் பகுதியில் எம்பக்கே தேவாலயம் அமைந்துள்ளது. கம்பளை இராச்சியக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்ததும் கதிர்காமக் கடவுளுக்கு உரியதுமான இக்கோயிலின் மேளமண்டபத் தூண்களிலே செதுக்கப்பட்ட அன்னங்களையும் மல்லர்களையும் கண்டு வியவாதார் இலர். ஆயின், மரவேலை பயில்வோர் தூண்களைக் கண்டபின் தலை நிமிர்ந்து கூரையையும் நோக்குதல் வேண்டும். அக்கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒருங்கு கூடி, ஒரே மர ஆணியினாற் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் நீளமோ சாய்வோ பிழைத்திருப்பின் ஏனையவும் பொருந்தியிரா. அளவிலே பிழையாமை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

இத்தகைய கம்மியரின் தொழில்முறைகளைக் கண்டி நாட்டில் ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டில் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலாக வெளியிட்டவர், சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) ஆவர். அந்நாட் கம்மியர்க்கு மின்னியந்திரம் இல்லை. இன்றோ வீட்டின் பின்புறத்துச் சிற்றறையிலும் மின்வாள் சுழல்கின்றது. எனவே, "எந்த இயந்திரத்தை முதலில் வாங்குவது?" என்னும் வினா புதிதாகத் தொடங்குவோரிடத்து எழுகின்றது. அதற்கு விடை காணுமுன், மரத்தின் இயல்பையும் வேலையின் ஒழுங்கையும் அறிதல் வேண்டும். இவ்விரண்டையும் அறியாதானுக்கு இயந்திரம் பிழையை விரைவாகச் செய்து கொடுக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது.

மரத்தின் இயல்பு

தறிக்கப்பட்ட பின்னரும் மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் நிற்கும். பச்சை மரத்தின் கலங்களுக்குள் நிறைந்த நீர் முதலில் வெளியேறும். அப்பொழுது சுருக்கம் பெரிதும் நிகழாது. ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கிற்குக் குறைந்ததும் கலச்சுவர்கள் உலரத் தொடங்கும். சுருக்கமும் அப்போதே தொடங்கும். நார் ஓடும் திசையிற் சுருக்கம் மிகச் சிறிது. வளர்ச்சி வளையத்தின் வழியே நிகழும் சுருக்கமோ, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் நிகழ்வதிலும் ஏறத்தாழ இருமடங்காகும். பலகை குழிந்து வளைவதன் காரணம் இதுவே.

ஈரத்தை அளக்கும் முறை எளிது. 65 கிராம் நிறையுள்ள துண்டொன்றை 103 பாகை செல்சியசு வெப்பத்தில், நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்துக. இறுதி நிறை 50 கிராம் எனின், வெளியேறிய நீர் 15 கிராம். ஈரம் நூற்றுக்கு 30. உலர்த்தும் அடுப்பு இல்லாதோர், அடுக்கிய பலகைகளுள் ஒரு சிறு பலகையை வாரந்தோறும் நிறுத்து வருவாராக. பல வாரங்கள் நிறை மாறாதிருப்பின், அம்மரம் அவ்விடத்துக் காற்றோடு இசைந்துவிட்டதெனக் கொள்ளலாம்.

கண்டியில் இரு பருவக்காற்றுக்களும் மழை தருவன. காற்றில் ஈரம் மிகுதி. இங்கே செய்த மேசையைக் கொழும்பிலே குளிரூட்டிய அறையில் வைத்தால் அது மேலும் சுருங்கும். நூற்றுக்கு ஒரு பங்கே சுருங்கினும், 12 அங்குல அகலப் பலகை ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் குறைந்துவிடும். வெடிப்புக்கும் மூட்டு விலகலுக்கும் அதுவே போதும். ஆதலின் பலகைகளை நிலத்தினின்று உயர்த்தி, கூரை நிழலில், சமதடிப்புள்ள சட்டங்களை இடையிட்டு அடுக்குக. அச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைதல் வேண்டும். பலகைகளின் இரு முனைகளுக்கும் வர்ணம் பூசினால் முனைவெடிப்புக் குறையும்.

நம் பகுதியிற் பலாவே வீட்டு மரவேலைக்குப் பெரிதும் பயன்படும் மரங்களுள் ஒன்று. பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறித்தலை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. உணவளிக்கும் மரத்தைத் தறித்துப் பெற்ற பலகையை வீணாக்குதல் தகாது.

வேலையின் ஒழுங்கு

கையாற் செய்யினும் இயந்திரத்தாற் செய்யினும் பலகையைச் செம்மையாக்கும் ஒழுங்கு ஒன்றே. முதலில் ஒரு முகத்தைச் சமதளமாக்குக. இரண்டாவதாக, அம்முகத்துக்குச் செங்கோணமாக ஓர் ஓரத்தைச் சீவுக. அதன்பின் தடிப்பு, அகலம், நீளம் என்னும் முறையிற் செல்க. முதலிரண்டும் பிழைப்பின், பின் வருவன யாவும் பிழைக்கும்.

தடிப்புச்சீவி இயந்திரத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தை இங்கே நீக்குதல் நன்று. முறுகிய பலகையை அதனுள் செலுத்தினால் உருளைகள் அதனை அழுத்தி நேராக்கும். கத்தி தடிப்பைக் குறைக்கும். உருளையை விட்டு நீங்கியதும் பலகை மீண்டும் முறுகும். முகத்தைச் சமதளமாக்குவது தளச்சீவியின் தொழில். அவ்வியந்திரம் இல்லாதோர் கைச்சீவுளியால் ஒரு முகத்தைச் செம்மை செய்து, மறு முகத்தைத் தடிப்புச்சீவிக்கு விடலாம். சிறிய பட்டறைக்கு இதுவே சிக்கனமான வழி.

இயந்திரங்களின் தெரிவு

சிற்றறையிற் பட்டறை அமைப்போர்க்கு முதலிற் பட்டைவாளையே பரிந்துரைப்போம். அது சிறிய இடத்தில் அடங்கும், வளைவையும் அறுக்கும், தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்கும். அதன் வாள் மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துவதால், மரம் வேலை செய்வோன்மீது எறியப்படும் இடர் குறைவு. வட்டவாள் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கும். பட்டைவாள் ஏறத்தாழ 1 மில்லிமீற்றரையே தூளாக்கும். பத்து அறுப்பில் முன்னது ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட மரத்தை விழுங்கிவிடும்.

இரண்டாவதாகத் தடிப்புச்சீவியும், மூன்றாவதாக நிலைத்துறப்பணமும் கொள்ளலாம். நேரான அறுப்பு மிகுதியாக வேண்டுவோர் பின்னர் வட்டவாள் மேசையைச் சேர்ப்பாராக. இவை எத்துணை இருப்பினும் உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சீவுளி, சாணைக்கல் என்பன இன்றிப் பட்டறை நிறைவுறாது.

மூட்டுகளில் முதலிற் பயில வேண்டியது துளைக்கழுந்து மூட்டு. கழுந்தின் தடிப்பு, சட்டத்தின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காதல் நன்று. கதவு செய்யும்போது, நடுவேயுள்ள பலகையைச் சட்டத்தின் தவாளிப்பினுள் பசையிடாது, சிறிது இடைவெளி விட்டுப் பொருத்துக. மழைக்காலத்தில் விரியவும் கோடையிற் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும்.

காவல்

10 அங்குல விட்டமுள்ள வட்டவாளின் சுற்றளவு ஏறத்தாழ 0.8 மீற்றர். நிமிடத்துக்கு 2,850 முறை சுழலுமாயின், அதன் பல்லொன்று விநாடிக்கு ஏறத்தாழ 38 மீற்றர் செல்லும்; அஃதாவது, விநாடியின் நூறிலொரு பங்கில் 38 சென்ரிமீற்றர். அத்துணைக் குறுகிய பொழுதிற் கையை இழுத்துக்கொள்ள எவராலும் இயலாது. எனவே காவலை முன்னரே அமைத்தல் வேண்டும்.

வாளின்மேல் உள்ள மறைப்பையும், வாளின் பின்னே வெட்டுப்பிளவினுள் நிற்கும் தகட்டையும் கழற்றாதீர்கள். அத்தகடு பிளவு மூடி வாளை நெருக்காமற் காக்கும். சிறு துண்டுகளை விரலாலன்றித் தள்ளுகோலாற் செலுத்துக. மரம் பின்னோக்கி எறியப்படக்கூடிய நேர்கோட்டில் நில்லாதீர்கள். கையுறை, தளர்ந்த உடை, கழுத்துச்சங்கிலி, மோதிரம் ஆகியன சுழலும் இயந்திரத்தருகே ஆகா. வாளை மாற்றுமுன் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுக. மழுங்கிய வாளைக் கொண்டு வலிந்து தள்ளுதலும் விபத்துக்கு வழியாகும்.

தூளையும் எளிதென எண்ணலாகாது. மரத்தூள் மனிதரிடத்துப் புற்றுநோயை விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வெளியிட்ட தொகுப்பு கூறுகின்றது. மூக்கின் உட்பகுதிப் புற்றுநோய் இதனோடு சிறப்பாகத் தொடர்புடையது. தூளை உறிஞ்சும் கருவியும் தக்க முகக்கவசமும் வாளைப் போலவே பட்டறைக்கு உரியனவெனக் கொள்க.

புதிதாகத் தொடங்கும் மாணவர் பெரிய அலுமாரியை எண்ணாது, நான்கு துளைக்கழுந்து மூட்டுகளால் ஆகிய ஒரு சிறு சட்டத்தைச் செய்து, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பாராக. நான்கு மூலையும் செங்கோணமாய் அமையும்வரை மீண்டும் செய்க. ஓய்வுபெற்ற பழைய மாணவர்களுள் இத்தொழில் அறிந்தோர் பலர் உளர். அவர்கள் வாரத்தில் ஒருநாள் இரண்டொரு பிள்ளைகளைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சாணைபிடிக்கவும் அளவு குறிக்கவும் பழக்குவாராயின், அஃது இவ்விழாவாண்டிற் கல்லூரிக்குச் செய்யும் நற்பணியாகும்.