பேனலில் பெயர் வந்திருக்கிறதா?

பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் காலத்தில் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். கூட வேலை பார்த்தவர்கள், பயிற்சி வகுப்புகளில் அறிமுகமானவர்கள். "அக்கா, பேனல்ல பேர் வந்திருக்கு. எச்.எம்.மா போகலாமா, இல்ல வேண்டாம்னு எழுதிக் கொடுத்திரவா?" என்பார்கள். முதுகலைக் கணித ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாகப் போனவள் நான். பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன். இன்னொருவர் எடுக்கும் வகுப்பு நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க ஓடி, அந்த வகுப்பில் தான் இல்லாமலே சந்தோஷப்பட முடியுமா?

முடியும் என்றால் தாராளமாக வாருங்கள். பாடம் எடுத்துச் சலித்துவிட்டது, இனிக் கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வேலை பொருந்தாது.

காலை மணி அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒருவர் தற்செயல் விடுப்பு கேட்டுப் போன் செய்வார். இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருப்பார். சத்துணவு அமைப்பாளர் முட்டை வரவில்லை என்று வந்து நிற்பார். கல்வி அலுவலகத்திலிருந்து 'மிக அவசரம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வரும். எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏறாது. இத்தனைக்கும் நடுவே எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் முதல் பாடவேளைக்கு ஆள் இருக்காது. முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான். படிவம் அரை மணி நேரம் காத்திருக்கும். பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. வேறு யாரும் கிடைக்காத நாளில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நானே போய்விடுவேன்.

உங்களுக்கென்று ஒரு வகுப்பை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பிளஸ் டூ வகுப்பாக இருக்க வேண்டாம். முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம், கருவூலம், நீதிமன்ற வழக்குக்கான விவரம் என்று எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அது நஷ்டம். நான் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொண்டேன். எந்தத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு வகுத்தல் வரவில்லை, யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதெல்லாம் ஜூலைக்குள் புரிந்துவிடும். அந்தப் பிள்ளைகள் இன்னும் ஏழு ஆண்டு நம் பள்ளியில் இருக்கப் போகிறவர்கள்.

ஆசிரியர்கள் பலருக்கு ஆவண வேலை என்றாலே ஒரு வெறுப்பு இருக்கிறது. கற்பித்தலுக்குச் சம்பந்தமில்லாத குமாஸ்தா வேலை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நாட்களில் பிளஸ் டூ மாணவிகளையும் அம்மாக்களையும் வராந்தாவில் உட்கார வைப்பேன். சேர்க்கைப் பதிவேடு, ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து, மாணவியே தன் பெயர், தலைப்பெழுத்து, அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒன்றில் அப்பா பெயர் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ். "ஒரு எழுத்துதானே டீச்சர், விடுங்க. இ-சேவைக்குப் போனா ஒரு நாள் கூலி போயிரும்" என்றார் அந்த அம்மா. நியாயமான பேச்சுதான். ஆனால் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால், அதைத் திருத்த எத்தனை கூலி போகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். மறுநாளே போய் வந்தார்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான் கணக்கு. பிள்ளை எங்கே படித்தாள் என்பதற்குச் சாட்சி நம் பதிவேடும் எமிஸும். வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுத்த எல்லாமும் ஒரு தவறான பதிவால் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது அல்லவா?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 75,000 ரூபாய். 600 பேர் படித்தால் தலைக்கு 125 ரூபாய். பினாயில், குழாய், மின்விசிறி பழுது, பதிவேடுகள் என்று பிரித்துப் பார்த்தால் எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவை வெறும் கையெழுத்துக் கூட்டமாக நடத்தாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களைப் பேச விட்டால் முதலில் கழிப்பறையைத்தான் பேசுவார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்பிள்ளைகளைப் பற்றி எந்த ஆய்வு அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. ஓர் அம்மா சொன்னார். அந்த வாரமே தாழ்ப்பாள் போட்டோம்.

இனிச் சொல்வதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை வந்து, தன்னிடம் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்லலாம். அவர் ஆசிரியராகவே இருக்கலாம், உங்களோடு ஒரே மேசையில் டிபன் சாப்பிட்டவராகவும் இருக்கலாம். "பள்ளிக்கூடம் பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று நாலு பேர் அறைக்கு வருவார்கள். அதில் ஊர்ப் பெரியவர்களும் இருப்பார்கள். போக்சோ சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் மீதான புகாரை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நம்பி வந்து சொன்ன முதல் பெரியவர் நீங்கள். அன்று ஊரே எதிரே நின்றாலும் பிள்ளையின் பக்கம் நிற்க முடியாதென்றால் இந்தப் பதவியை ஏற்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

கலந்தாய்வில் சொந்தப் பள்ளியே காலியாக இருந்தாலும் வேறு பள்ளியை எடுங்கள் என்பது என் அபிப்பிராயம். பழைய சிநேகிதிக்கு விடுப்பு மறுக்க வேண்டிய நாள் வரும். அது இருவருக்குமே கஷ்டம். பொறுப்பு ஏற்கும்போது ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள் மூன்றையும் வரிவரியாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இல்லாத கணினிக்குக் கையெழுத்துப் போட்டால் ஓய்வு பெறும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் மனம் ஒருநிலைக்கு வரவில்லை என்றால், இந்த ஆண்டே பாடவேளை அட்டவணைப் பொறுப்பையோ தேர்வுப் பெயர்ப் பட்டியல் வேலையையோ உங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிட நிர்ணயம் நடக்கும்போது கூடவே உட்காருங்கள். எத்தனை பிள்ளை குறைந்தால் எந்த ஆசிரியர் உபரி ஆவார் என்று அப்போதுதான் விளங்கும்.

யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதும் மரியாதையான முடிவே. எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அவர் வகுப்பு எடுத்தால் பின்வரிசைப் பையன்கூட எழுந்து கேள்வி கேட்பான். அவரை எந்தக் கூட்டத்துக்கும் வீணாக அனுப்புவதில்லை. ஆய்வகத்துக்கு வேண்டிய பியூரெட்டும் அமிலமும் ஜூன் மாதமே வாங்கி வைத்துவிடுகிறேன்.