கிணற்றுக்கும் உண்டு வரவு செலவுக் கணக்கு

வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் கடனில் விழும். நிலத்தடி நீருக்கும் இதுவே விதி. ஆனால் இந்தக் கடனுக்குப் பத்திரம் எதுவும் எழுதப்படுவதில்லை. கிணறு வற்றிய பிறகே தெரிய வருகிறது.

இயற்கை ஓராண்டில் புதுப்பித்துத் தரும் அளவையும், மனிதர் எடுத்துக்கொள்ளும் அளவையும் ஒப்பிடும் முறைக்கு ‘சூழல் அடிச்சுவடு’ என்று பெயர். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் இம்முறையை வகுத்தனர். நாம் பயன்படுத்தும் பொருள்களை ஈடுகட்ட எவ்வளவு நிலம் தேவை என்பதே இதன் அடிப்படை. இதன்படி உலக மக்களின் இன்றைய தேவைக்கு ஏறத்தாழ 1.7 பூமிகள் வேண்டும். இருப்பதோ ஒன்றுதான். இதே கணக்கை உழவர் பெருமக்கள் தம் கிணற்றுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

வரவு

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைக்கும் நீர் சுமார் 4,047 லிட்டர். ஆண்டு மழை 900 மி.மீ. என்று கொண்டால், ஏக்கருக்கு 36.4 லட்சம் லிட்டர் ஆகிறது. இதில் பெரும்பகுதி ஆவியாகவும், பயிர் உறிஞ்சியும், வழிந்தோடியும் போய்விடும். தமிழகத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடினப்பாறைப் பகுதி. இங்கே மழையில் சுமார் 10 சதமே நிலத்தடிக்குச் சேரும் என்று கொள்ளலாம். அதாவது ஏக்கருக்கு 3.64 லட்சம் லிட்டர். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டு வரவு 18.2 லட்சம் லிட்டர்.

செலவு

மோட்டார் இறைக்கும் அளவை அறிய 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். அது 50 விநாடியில் நிரம்பினால், மணிக்கு 14,400 லிட்டர் இறைக்கிறது என்று பொருள். நீர்மட்டம் இறங்கும்போது இந்த அளவும் குறையுமாதலால், பருவத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும்.

இந்த ஐந்து ஏக்கர் உழவர் நவரையில் ஒரு ஏக்கர் நெல்லும், சிறிது காய்கறியும் பயிரிடுகிறார். நாளைக்கு 4 மணி வீதம் 100 நாள் இறைத்தால் 57.6 லட்சம் லிட்டர் வெளியேறும். பாய்ச்சிய நீரில் ஐந்தில் ஒரு பங்கு மீண்டும் மண்ணுக்குள் இறங்குகிறது என்று கழித்தாலும், நிகரச் செலவு 46 லட்சம் லிட்டர்.

பற்றாக்குறை

வரவு 18.2 லட்சம், செலவு 46 லட்சம். பற்றாக்குறை சுமார் 28 லட்சம் லிட்டர். வேறு விதமாகச் சொன்னால், இவருடைய பாசனத்துக்கு 12½ ஏக்கர் நிலத்தின் மழை வேண்டும். சொந்த நிலம் 5 ஏக்கர் போக, மீதி 7½ ஏக்கர் அக்கம்பக்கத்து நிலமே. அங்கே மானாவாரியாகவோ, அருகில் குளம் நிறைந்தோ இருந்தால் கிணறு ஈடு கொடுக்கும். அங்கேயும் ஆழ்துளைக் கிணறுகள் ஓடினால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த முதலே கரையும். ஆழப்படுத்துவது வரவைக் கூட்டாது. முதலை விரைவாக எடுக்கவே உதவும்.

ஆண்டு வரவுக்கு மேல் எடுக்கப்படும் பகுதிகளை அரசு ‘அதிநுகர்வு’ப் பகுதி என்று வகைப்படுத்துகிறது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், தமிழகத்தின் 1,166 குறுவட்டங்களில் 300-க்கும் மேற்பட்டவை இவ்வகையில் வந்தன.

சரிக்கட்டும் வழிகள்

1. பயிர் மாற்றம்: ஏக்கருக்கு நெல்லின் நீர்த்தேவை சுமார் 50 லட்சம் லிட்டர், நிலக்கடலைக்கு 20½ லட்சம், கேழ்வரகுக்கு 12½ லட்சம். மேற்சொன்ன உழவர் நவரை நெல்லுக்குப் பதிலாகக் கேழ்வரகு போட்டால், நிகரச் செலவு 16 லட்சமாகக் குறைந்து வரவுக்குள் அடங்கிவிடும். நிலக்கடலை போட்டால் பற்றாக்குறை 4 லட்சம் அளவில் நிற்கும்.

2. சொட்டுநீர்ப் பாசனம்: இதனால் நீர் மிச்சமாகும். ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு இறவைப் பரப்பைக் கூட்டினால் கிணற்றுக்கு இலாபம் இல்லை.

3. வரவைப் பெருக்குதல்: கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பண்ணைக்குட்டை, குளம் தூர்வாருதல் ஆகியவை கைகொடுக்கும். கூடுதலாக 1 சத மழை உள்ளே இறங்கினாலும் ஐந்து ஏக்கரில் 1.8 லட்சம் லிட்டர் சேரும். கலங்கல் நீரை நேரே கிணற்றில் விடலாகாது. கல், ஜல்லி, மணல் அடுக்கிய தொட்டியில் வடித்தே விட வேண்டும்.

4. பதிவு: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலும் மே மாதத்திலும், மோட்டாரை நிறுத்தி மறுநாள் காலை, தரையிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றால் அளந்து குறித்து வைக்கவும். நல்ல மழைக்குப் பிறகும் ஜனவரி மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கினால், முதல் கரைகிறது என்று அறியலாம்.

நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்தால் பலன் முழுமையாகாது. ஆகவே அடுத்தடுத்த கிணற்றுக்காரர்கள் கூடி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, நவரைக்கு விதை வாங்கும் முன்பே எத்தனை ஏக்கர் இறவை தாங்கும் என்று முடிவு செய்வது நல்லது.